தீர்ப்புக்குப் பிறகு தாலாட்டு

ஊரில் பாதிப் பேர் அவள் தைத்த தலையணையில்தான் தலைவைத்துப் படுக்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு மெத்தை, பிறந்த குழந்தைக்குக் கைக்குட்டை அளவில் ஒரு தலையணை, முதுகு பிடித்துக்கொண்ட வாத்தியாருக்குக் கெட்டியாக ஒரு விரிப்பு என்று எல்லாம் கடைவீதித் திருப்பத்தில் இருக்கும் அந்த ஒற்றை அறையிலிருந்துதான் போயின. உள்ளே நுழைந்ததுமே மூக்கு அரிக்கும். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே, கையில் கோணூசியோடு அவள் உட்கார்ந்திருப்பாள். தலையில் நரை எது, ஒட்டிய பஞ்சு எது என்று அவளுக்கே தெரியாது. எல்லாருக்கும் அவள் மெத்தைக்காரம்மா. வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்கே கொஞ்ச நேரம் ஆகும்.

அவளுக்கு அழகு உண்டா என்றால் இல்லை. சொத்து, படிப்பு என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு பெருமை உண்டு. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஊர்தான் சொல்லும். பத்தொன்பது வயதில், பெரிய பெரிய ஆண்களே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெலவெலத்து நின்ற நாளில், அவள் மட்டும் நிமிர்ந்து நின்று பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். ஒரு நிரபராதியின் உயிரைக் காப்பாற்றினாள். பிறகு அவனையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

அது டிக்கெட் அக்கா கொலை.

அப்போது ஊரில் இருந்தது ஒரே ஒரு சினிமாக் கொட்டகை. பெண்கள் கவுண்ட்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்தவளைத்தான் எல்லாரும் டிக்கெட் அக்கா என்றார்கள். சிரித்த முகம். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஓரத்து இருக்கை கொடுத்து அனுப்புவாள். இடைவேளை முடிந்ததும் கவுண்ட்டரைச் சாத்திவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் போய்க் கொஞ்சம் கண்ணயர்வாள். ஒரு மதியக் காட்சி முடிந்து ஜனம் வெளியே வந்தபோது, அவள் அந்த அறையில் தலை உடைந்து கிடந்தாள். யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

சந்தேகப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெண்கள் பக்கத்து வாசலில் டார்ச் லைட்டோடு நிற்கும் கேட்காரர். இன்னொருவர் இடைவேளையில் சோடா விற்ற இளைஞர். சோடாக்காரருக்கு டிக்கெட் அக்காவிடம் கொஞ்சம் அதிகமாகவே பேச்சு இருந்தது என்று சிலர் சொன்னார்கள். அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தபோதுதான் மெத்தைக்கடைப் பெண் தானாகப் போய் நின்றாள். பெண்கள் பக்கத்தில், வாசல் திரைச்சீலை ஓரத்து இருக்கையில் அன்று அவள் உட்கார்ந்திருந்தாள். சோடாக்காரர் எப்போது உள்ளே வந்தார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தாலாட்டுப் பாட்டு ஆரம்பிச்சதும் வந்து என் பக்கத்துல நின்னாருங்க. படம் முடியிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையல."

சொன்னது அத்தனையும் சத்தியம். அவர் நின்ற இடம், சட்டையின் ஈரம், அவர் மூச்சு வாங்கியது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தச் சோடாக்காரர்மேல் அவளுக்கு ஒரு கண். மறுநாளே அவரை விட்டுவிட்டார்கள். பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்பார்கள். அவள் அப்பாவுக்கோ வியாபாரமே பஞ்சு. மகள் ஸ்டேஷன் வரை போய் வந்த பிறகு மறுத்து என்ன ஆகப்போகிறது என்று அவரே கட்டி வைத்துவிட்டார். சோடாக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மாமனாரிடம் பஞ்சு அடிக்கக் கற்றுக்கொண்டார். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

கேட்காரரை அடித்து அடித்துப் பார்த்தார்கள். சாட்சி இல்லை என்று விட்டார்கள். ஆனால் ஊர் விடவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் வேலை போயிற்று, பேச்சு போயிற்று, கடைசியில் அவரும் போனார். அவர் மனைவி மட்டும் இன்னும் பின் தெருவில் இருக்கிறாள். மெத்தைக்காரம்மா அத்தனை வருடமும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. என் புருஷன் செய்யவில்லை என்றால் உன் புருஷன்தான் செய்திருக்க வேண்டும். அவள் கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

இப்படி ஓடிய வாழ்க்கைக்குள் ஒரு புத்தகம் வந்து விழுந்தது.

பத்திரிகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் எழுத்தாளர், பழைய போலீஸ் கோப்புகளை எல்லாம் தேடிப் படித்து, டிக்கெட் அக்கா கொலையைப் பற்றித் தடிமனாக எழுதியிருந்தார். அட்டையில் அந்தக் கொட்டகையின் படம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் மகள் அதை வாங்கிக்கொண்டு கடைக்கே ஓடிவந்தாள். நீ இதில் இருக்கிறாய் அம்மா, உன் தைரியத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை உன்னைப் போட்டோ எடுக்க வரப்போகிறார், அடுத்த பதிப்பில் போடுவாராம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கவும் ஆரம்பித்தாள். மெத்தைக்காரம்மா வெட்கத்தோடு ஒரு தலையணையின் வாயைத் தைத்துக்கொண்டே கேட்டாள்.

அதுவரை வெளியே வராத ஒரு விஷயம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. கொட்டகையின் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டவன் அன்று ஓர் அலறலைக் கேட்டிருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் படத்தில் கோர்ட்டுக் காட்சி. வக்கீல் முழங்குகிறார், நீதிபதி மேஜையைத் தட்டுகிறார், அதற்கு நடுவே ஒரு பெண்ணின் அலறல். கூண்டில் நிற்கும் கதாநாயகிதான் அலறுகிறாள் என்று நினைத்து அவன் பேசாமல் இருந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் அதை யாருக்கும் சொல்லாமல் கோப்புக்குள்ளேயே வைத்திருந்தார். எழுத்தாளருக்கு அது போதுமாக இருந்தது. படத்தில் தாலாட்டு முதலில் வருகிறது, கோர்ட்டு அதற்குப் பிறகு. சோடாக்காரர் தாலாட்டின்போதே உள்ளே வந்துவிட்டார், பிறகு நகரவில்லை. ஆகவே அவர் குற்றமற்றவர். கேட்காரரோ தாலாட்டு முடியும் வரை வாசலில் நின்றேன், அப்புறம் டீ குடிக்கப் போனேன் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார்; அலறல் கேட்டபோது அவர் வெளியே. அவர்தான் கொலைகாரர் என்று எழுத்தாளர் கூசாமல் எழுதிவிட்டார்.

கோணூசி அப்படியே நின்றது.

"தப்பா எழுதியிருக்காரு. கோர்ட்டுதான் முதல்ல. அப்புறம்தான் தாலாட்டு."

மகள் சிரித்துவிட்டாள். அம்மா சொல்லும் அந்தப் படத்தின் கதை அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். தாய்க்குத் தூக்குத் தண்டனை விதிக்கிறார்கள். நீதிபதி மனமிரங்கி, ஒரே ஒரு முறை வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வா என்று அனுப்புகிறார். அவள் வந்து தாலாட்டுப் பாடுகிறாள். குழந்தை தூங்குகிறது, தாய் திரும்பிப் போகிறாள். அதைக் கேட்டு மகள் எத்தனை தடவை தேம்பியிருக்கிறாள். வளர்ந்த பிறகுதான் கேட்டாள், எந்த ஊர் கோர்ட்டில் தாலாட்டுப் பாட லீவு விடுவார்கள் என்று. நான் பார்த்தேன், அவ்வளவுதான் என்றாள் அம்மா. அவள் அந்தப் படத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கொலைக்குப் பிறகு கொட்டகை மூடிக்கிடந்தது. திறந்தபோது அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை.

மகள் செல்போனில் தேடிப் படத்தைக் கண்டுபிடித்தாள். கீறலும் புள்ளியுமாகப் படம் ஓடியது. தாலாட்டு வந்தது. தாய் சிரித்துக்கொண்டே பாடினாள், அவள் முகத்தில் தூக்குக் கயிற்றின் நிழல்கூட இல்லை. அதற்கு வெகுநேரம் கழித்து கோர்ட்டு வந்தது. லீவு எதுவும் யாரும் கொடுக்கவில்லை.

"பாத்தியா? வயசாச்சும்மா உனக்கு. கதையைத் தலைகீழாக் கவுத்துட்ட," என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

மெத்தைக்காரம்மா பஞ்சுக்கு நடுவே தனியே இருந்தாள். அவளுக்கு அந்தக் கொட்டகையின் ஆபரேட்டர் நினைவுக்கு வந்தார். குறட்டை ஆபரேட்டர் என்று பெயர். படம் ஓட்டும் அறையில் தூங்கித் தூங்கி விழித்து, கைக்குக் கிடைத்த ரீல் பெட்டியை மாட்டிவிடுவார். ஒரு படத்தில் கதாநாயகிக்குக் குழந்தை பிறந்த பிறகு கல்யாணம் நடந்தது; பெரியவர்கள் முகம் சுளித்தார்களே தவிர ஒருத்தரும் எழுந்து போகவில்லை. திரை வெள்ளையாக நின்றால்தான் ஜனம் விசிலடிக்கும். ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் போதும். அதுவும் ஏற்கெனவே நாலு தடவை பார்த்த படம் என்றால் யாருக்கு என்ன கவலை?

அன்றைக்கும் ரீல் மாறியிருந்தால்?

அன்று கொட்டகையில் கோர்ட்டு முதலில் ஓடியிருந்தால், அலறலும் முதலில். அப்போது கேட்காரர் எங்கே இருந்தார்? திரைச்சீலை ஓரத்தில், அவள் கண்ணெதிரே, தாலாட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். சோடாக்காரர்? அவர் இன்னும் உள்ளே வரவில்லை. அலறல் அடங்கி, தாலாட்டு ஆரம்பித்த பிறகுதான் வந்தார், ஈரச் சட்டையும் மேல்மூச்சுமாக.

அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவள் சொன்ன சத்தியமே அத்தனை வருடமும் ஒரு பொய்க்குக் காவல் நின்றிருக்கிறது.

அதன்பிறகு அவள் வீட்டில் ஓர் அந்நிய ஆள் நடமாட ஆரம்பித்தார். அதே செருப்பு, அதே இருமல், சாப்பிடும்போது தண்ணீரை இடது பக்கம் வைத்துக்கொள்ளும் அதே பழக்கம். ஆனால் அவர் கதவைத் திறக்கும்போதெல்லாம் யாரோ என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். பஞ்சு அடிக்கும் அந்தக் கையைப் பார்த்தாள். அவளை ஒரு நாளும் அடிக்காத கை. காய்ச்சலில் அவளுக்குத் தலை வாரிவிட்ட கை. மகள் பிறந்த புதிதில், தூளியை ஆட்டிக்கொண்டே அவள் தன்னையறியாமல் அந்தப் படத்துத் தாலாட்டை முணுமுணுத்தாள். இதே கை மெதுவாக வந்து அவள் வாயை மூடியது. வேற ஏதாவது பாடேன் என்றார். செத்துப்போனவளை நினைத்து வருந்துகிறார், எவ்வளவு இளகிய மனசு என்று அன்று அவள் உருகிப்போனாள். இன்று அந்தக் கையின் சூடு உதட்டில் மறுபடி தெரிந்தது. இரவு அவர் பக்கத்தில், தானே தைத்த தலையணையில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். ஊருக்கெல்லாம் தூக்கம் விற்றவளுக்குக் கடனாகக் கொடுக்கக்கூட யாரிடமும் தூக்கம் இல்லை.

ஒருவேளை நினைவுதான் ஏமாற்றுகிறதோ? அந்த நப்பாசையோடுதான் அவள் பின் தெருவுக்குப் போனாள்.

கேட்காரர் வீட்டுச் சுவரில் யாரோ கரியால் அசிங்கமாகக் கிறுக்கியிருந்தார்கள். புத்தகம் வந்ததிலிருந்து பிள்ளைகள் வந்து வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்களாம். ஈரத் துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அடடே, மெத்தைக்காரம்மாவா? வழி தவறிட்டியா, இல்ல நீயும் போட்டோ எடுக்கத்தான் வந்தியா?"

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன் அக்கா."

"இத்தனை வருஷமா என் மூஞ்சி இங்கேயேதான் இருந்துச்சு," என்றாள் அவள். ஆனாலும் உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்து வந்து போட்டாள்.

மெத்தைக்காரம்மா சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். அந்த நாளைப் பற்றி அவர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று. கேட்காரர் மனைவி கசப்பாகச் சிரித்தாள். சாகும் வரை அவர் பேசியதே அதைப் பற்றித்தான் என்றாள். போலீஸ் அடித்ததைக்கூட அவ்வளவாகச் சொல்ல மாட்டாராம். ஒரே புலம்பலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாராம்.

"தினம் அந்தத் தாலாட்டைக் கேட்டுட்டுத்தான் டீ குடிக்கப் போவாரு மனுஷன். 'அன்னைக்குன்னு பாத்துப் பாட்டு லேட்டா வந்துச்சுடி, நின்னு நின்னு காலு கடுத்துப்போச்சு'ம்பாரு. கொலைப் பழி தலைமேல இருக்கு, இவருக்குக் கால் வலிதான் பெருசான்னு நானே திட்டியிருக்கேன்."

மெத்தைக்காரம்மாவுக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. சுவரில் இன்னும் பாதிக் கிறுக்கல் மீதி இருந்தது. அந்த ஈரத்துணியை வாங்கி மீதியைத் தேய்த்தாள். ஏன் என்று அந்தக் கிழவி கேட்கவில்லை. தேய்க்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம். அவள் புருஷன் மூலையில் உட்கார்ந்து பழைய பஞ்சிலிருந்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்னங்க, அன்னைக்குப் பாட்டு வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

எந்த நாள், எந்தப் பாட்டு என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. அவர் பொறுக்கிய விதைகளைக் கீழே வைத்தார்.

"நீ கேப்பேன்னு முதல் வருஷம் பூரா பயந்துக்கிட்டிருந்தேன். அப்புறம் நீ கேக்கவே மாட்டேன்னு நெனச்சு மறந்துட்டேன்."

பிறகு தணிந்த குரலில் சொன்னார். அவர் சொன்னது இவ்வளவுதான். டிக்கெட் அக்காவுக்குச் சோடா கொடுக்கப் பின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. அவள் தரையில் கிடந்தாள். உயிர் இருந்தது, கண் அவரைப் பார்த்தது. தண்ணீர் தெளித்தார், பேச்சில்லை. யாராவது பார்த்தால் தன் தலையில்தான் விழும் என்று பயந்து ஓடினார். இருட்டான இடமாக, தெரிந்த முகமாக ஒன்று வேண்டியிருந்தது. அதனால்தான் இவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீதான் எனக்கு முந்திச் சொல்லிட்டியே. அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா நீ பொய்க்காரி ஆயிடுவியேம்மா." கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார்: "நான் சொல்றதை நம்புறியா?"

நம்புகிறேன் என்று சொல்ல அவள் எவ்வளவோ முயன்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடக் குடித்தனம் அவளுக்குள் மன்றாடியது. ஆனால் பார்க்காத ஒன்றை அவள் வாய் சொல்லிப் பழகவில்லை.

"தெரியலைங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளர் வந்தார். நல்ல மனிதராகத்தான் இருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், பஞ்சுத் தூசிக்குத் தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்டார். மகள் அப்பாவுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு அவரையும் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தாள். படம் எடுத்து முடிந்தது. எழுத்தாளர், மரியாதைக்காகத்தான், புத்தகத்தில் சேர்க்க வேறு ஏதாவது உண்டா அம்மா என்று கேட்டார்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். இல்லை என்று தலையாட்டிவிட்டு டீ கொண்டுவரப் போயிருக்கலாம். புருஷன் பக்கத்தில் இருப்பார், மகளுக்குத் தலைகுனிவு இருக்காது, ஊர் அவளைத் தைரியசாலி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பின் தெருவில் ஒரு கிழவி சுவரைத் தேய்த்துக்கொண்டே செத்துப்போவாள்.

"எழுதிக்குங்க," என்றாள். "அன்னைக்கு ரீல் மாறிப்போச்சு. கோர்ட்டு முதல்ல வந்துச்சு, தாலாட்டு அப்புறம்தான். கோர்ட்டு ஓடுறப்போ கேட்காரர் என் கண்ணு முன்னால நின்னாரு. நான் பாத்தேன். அவருக்குப் பாட்டு லேட்டாயிடுச்சுன்னு அவர் வீட்டம்மாவுக்கும் தெரியும். போய்க் கேளுங்க."

எழுத்தாளர் எழுத ஆரம்பித்தார். பாதி வரியில் பேனா நின்றது. கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகத் தலையைத் திருப்பி அவள் புருஷனைப் பார்த்தார். மகளுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "என்னம்மா பேசுற நீ," என்றாள்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. வீட்டுக்கு யார் வந்தாலும், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாலும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டாலும் அவர் இப்படித்தான் திரும்புவார்; அவருக்காக அவள்தான் பேசுவாள். கிடந்தவளைப் பார்த்துப் பயந்து ஓடிவந்தார், அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். அவள் வாயிலிருந்து வந்தால் ஊரே நம்பும்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அறையில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருந்தது.

"ஐயா, நீங்க சொல்லுங்க," என்றார் எழுத்தாளர்.

சோடா கொடுக்கத்தான் போனேன் என்று ஆரம்பித்தார். கதவு திறந்திருந்தது என்றார். மெத்தைக்காரம்மா முன்பின் தெரியாத ஒருவர் பேசுவதைக் கேட்பதுபோல, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"உள்ள போனா, அவ கட்டில்ல உக்காந்திருந்தா," என்றார் அவர்.

அவளிடம் சொன்னபோது, தரையில் கிடந்தாள் என்றார்.

அவர் பேசிக்கொண்டே போனார். எழுத்தாளரின் பேனா ஓடியது, மகள் அழுதாள். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் மெத்தைக்காரம்மாவின் காதில் விழவில்லை.